ஒரு சொல்லை நகலெடுக்க எத்தனை ஆண்டுகள்?

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கினார். இன்றும் உங்கள் ஃபோனின் அடித்தளத்தில் அது இருக்கிறது. அந்த மொழியோடு ஒரு லைப்ரரி வரும். எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பு அது. அதில் ஒரே ஒரு கருவியின் கதையை மட்டும் சொல்கிறேன்: சொல்லை நகலெடுக்கும் கருவி.

சி மொழியில் ஒரு சொல் எவ்வளவு நீளம் என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. சொல்லின் கடைசியில் ஒரு பூச்சியம் இருக்கும், அவ்வளவுதான். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பூச்சியத்தையும் சேர்த்தால் 16 பைட் இடம் வேண்டும்.

முதல் கருவி ஸ்டிர்காப்பி. பூச்சியம் வரும்வரை நகலெடுத்துக்கொண்டே போகும். போய்ச் சேரும் பெட்டி எவ்வளவு பெரிது என்று கேட்காது. இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பதன்மேல் எழுதிவிடும்.

இதே குணம் உள்ள இன்னொரு கருவி கெட்ஸ். 1988 நவம்பரில் மோரிஸ் வேர்ம் என்ற நிரல் அதைப் பயன்படுத்திக்கொண்டது. 512 பைட் பெட்டிக்குள் அதைவிட நீளமான தகவலை அனுப்பி, பிறர் கணினிகளுக்குள் நுழைந்தது. 2011இல் வந்த சி தரநிலையில் கெட்ஸ் நீக்கப்பட்டது.

இரண்டாவது கருவி ஸ்டிர்-என்-காப்பி. இதற்கு அளவு சொல்லலாம். ஆனால் இது பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயர்களுக்கான 14 பைட் கட்டங்களை நிரப்பப் பிறந்தது. கட்டம் நிறைந்துவிட்டால் கடைசிப் பூச்சியத்தைப் போடாது. படிக்க வரும் நிரலுக்குச் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

1998இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவின் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டிர்-எல்-காப்பியைக் கொண்டுவந்தார்கள். இது பெட்டியைத் தாண்டாது, பூச்சியத்தையும் மறக்காது. மூலச் சொல்லின் முழு நீளத்தையும் திருப்பிச் சொல்லும். அந்த எண் பெட்டியின் அளவைவிடச் சிறியதாக இல்லையென்றால், சொல் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லோரும் உடனே வரவேற்றார்களா? இல்லை. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிலிப்சி லைப்ரரி இதைப் பல ஆண்டுகள் மறுத்தது, 2023இல்தான் சேர்த்துக்கொண்டது. சொல் சத்தமில்லாமல் வெட்டுப்படுவதும் பிழைதானே என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

அதில் நியாயம் இருக்கிறது. 13 பைட் பெட்டிக்குள் 'தமிழ்' என்பதை ஸ்டிர்-எல்-காப்பியால் நகலெடுங்கள். கணினி விழாது, எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் பெட்டியில் இருப்பது 'தமிழ'. புள்ளி போய்விட்டது!

கருவி 15 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கும். அதை நிரல் எழுதியவர் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. இத்தனை ஆண்டுத் திருத்தங்களில் கருவி உண்மையைச் சொல்லக் கற்றுக்கொண்டது. அதைக் காதில் வாங்க வேண்டியவர்கள் நாம். நீங்கள் நிரல் எழுதத் தொடங்கும்போது, ஒரு கருவி திருப்பிக் கொடுக்கும் எண்ணைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.