செக்கிழுத்தது எந்த ஜெயில்ல?

இங்கே எங்க வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கல் மாவு மில் இருக்கு. ஓடைத் தண்ணி சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் கல்லைச் சுத்தும். போன வாரம் வேடிக்கை பார்த்துட்டு நின்ன என் பொண்ணு கேட்டா: "அப்பா, லீவுல அந்தமான்ல பார்த்தோமே, அந்தச் செக்கு எதுல ஓடும்?"

மனுஷன்லதான்.

போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் வாயில் வரலை) செல்லுலார் ஜெயில் 1896-ல் கட்ட ஆரம்பிச்சு 1906-ல் முடிஞ்சது. ஏழு பிரிவில் இப்ப மூணுதான் மிச்சம். மாடு கட்டற இடத்துல கைதியைக் கட்டினாங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆள் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்கணும், அதாவது பதிமூணரை கிலோ. கொப்பரையில் எண்ணெய் அறுபது சதவீதம்தான் தேறும்னு வச்சுக்கிட்டா, இருபது கிலோவுக்கு மேல கொப்பரை ஆட்டணும். கடுகுன்னா 10 பவுண்டு. அளவு குறைஞ்சா கைவிலங்கு மாட்டி நாள் கணக்கா நிக்க வைப்பாங்க. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் வந்த உல்லாஸ்கர் தத் 1912-ல் இந்தக் கொடுமைகளில் புத்தி பேதலிச்சு, கடைசியில் நம்ம மெட்ராஸ் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இதையெல்லாம் சொல்லிட்டு, "இங்கேதான் வ.உ.சி.யும் இழுத்தார்"னு முடிச்சேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். சந்தேகம் வந்து ராத்திரி உட்கார்ந்து படிச்சா, தப்பு!

1908 ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, நாடு கடத்தணும்னுதான் தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை குறைஞ்சது. அந்தமானுக்கு அவர் போகவே இல்லை. செக்கிழுத்தது நம்ம கோயம்புத்தூர் ஜெயில்ல! அப்புறம் கண்ணனூர் ஜெயில், 1912 டிசம்பரில் விடுதலை. 'கப்பலோட்டிய தமிழன்' படத்துல (1961) சிவாஜி செக்கிழுக்கிறதைப் பார்த்து அழுத நானே ஊரைக் கோட்டை விட்டுட்டேன்.

கோயம்புத்தூர்ல படிச்ச நாலு வருஷமும் அந்த ஜெயில் மதிலை ஒட்டித்தான் பஸ்ல போவேன். ஒரு நாளும் தோணலை.

காலையில் பொண்ணுகிட்ட, "நேத்து அப்பா சொன்னது தப்பும்மா"ன்னேன். "அப்ப அவர் இழுத்த செக்கு எங்கே?"ன்னா. சென்னை கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கூட்டிட்டுப் போகணும்.