ஆவணமா, தோற்றமா: சட்டவிரோதக் குடியேற்றத்தை எதிர்க்கும் அமெரிக்கச் சிறுபான்மையினர்

அமெரிக்காவில் சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிய வாதம் சூடேறும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: அதை எதிர்ப்பவர்கள் யார்? எதிர்ப்பாளர்களில் கறுப்பினத்தவரும் லத்தினோக்களும் ஆசிய வம்சாவளியினரும் இருப்பதைக் காட்டி, இந்த எதிர்ப்பில் இனவெறிக்கு இடமே இல்லை என்கிறது ஒரு தரப்பு. அவர்கள் விதிவிலக்குகள், தங்கள் நலன் எதுவென்று அறியாமல் பிறருடைய சண்டையில் இழுக்கப்பட்டவர்கள் என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. அம்மக்கள் எதை ஏற்றார்கள், எந்த இடத்தில் விலகினார்கள் என்று கேட்பதில்லை. கடந்த நூறாண்டு வரலாற்றை அந்தக் கேள்வியோடு படித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சிறுபான்மையினரின் எதிர்ப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அனுமதி பெற்றவர், பெறாதவர் என்று சட்டம் போடும் கோட்டை அவர்களில் கணிசமானோர் ஏற்கிறார்கள். அந்தக் கோட்டைக் காப்பதாகச் சொல்லி அரசும் முதலாளியும் தோல் நிறத்தையும் பெயரையும் பேச்சின் சாயலையும் பார்க்கத் தொடங்கும்போது அவர்களில் பெரும்பகுதியினர் விலகிவிடுகிறார்கள். எனவே எதிர்ப்பாளர்களின் இனப் பன்மையை அந்த இயக்கத்துக்குக் கிடைத்த நன்னடத்தைச் சான்றிதழாகக் கொள்ள முடியாது. குறிப்பிட்ட ஒரு சட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதற்கான அளவுகோலாகவே அதைக் கொள்ளலாம்.

இந்த வரலாறு வயற்காட்டில் தொடங்குகிறது. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்த பிராசெரோ திட்டம் 1942 முதல் 1964 வரை நடைமுறையில் இருந்தது. அதற்கு இணையாக அனுமதியின்றி எல்லை கடந்து வருவோரின் உழைப்பும் தென்மேற்குப் பண்ணைகளில் பெருகியது. டெக்சாஸில் 1929இல் தோன்றிய லத்தினோ உரிமை அமைப்பான லூலாக், அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய மெக்சிக வம்சாவளி வீரர்களுக்காக ஹெக்டர் கார்சியா 1948இல் நிறுவிய அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம், அனுமதியற்ற கூலி உழைப்பைக் கண்டித்து 1950களின் தொடக்கத்தில் ஒரு சிறுநூலே வெளியிட்டது. கூலியைத் தாழ்த்தவும் சங்கத்தை உடைக்கவும் இந்த ஏற்பாடு எப்படிப் பயன்படுகிறது என்பதை எர்னெஸ்டோ கலார்சா போன்ற ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். இவர்களில் யாரும் தம் மக்களை வெறுத்தவர்கள் அல்லர். தம் ஊர்க்காரரையே பண்ணைமுதலாளி தமக்கெதிராக நிறுத்துகிறான் என்பதே அவர்கள் கண்டது.

பிராசெரோ திட்டம் முடிந்த மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கியது தற்செயலானதல்ல. 1965 செப்டம்பரில் லேரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள் முதலில் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் சீசர் சாவேஸ் தலைமையிலான பண்ணைத் தொழிலாளர் சங்கம் அவர்களோடு சேர்ந்தது. முதலாளிகள் எல்லைக்கு அப்பாலிருந்து கருங்காலிகளைக் கொண்டுவந்தார்கள். ஆவணமற்ற ஒருவர் கூலி குறைந்தாலும் புகார் செய்ய மாட்டார், கங்காணி ஏமாற்றினாலும் நீதிமன்றம் போக மாட்டார், சங்கத்திலும் சேர மாட்டார். முதலாளிக்கு வேண்டியதும் அதுதான். 1969இல் சாவேஸ் மெக்சிக எல்லையை நோக்கி நடத்திய ஊர்வலத்தில், மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பின் அவரது இயக்கத்துக்குத் தலைமையேற்ற ரால்ஃப் அபெர்நதியும் செனட்டர் வால்டர் மாண்டேலும் கலந்துகொண்டார்கள். ஒரு மெக்சிக வம்சாவளித் தொழிற்சங்கத் தலைவர், ஒரு கறுப்பினப் போதகர், ஒரு வெள்ளைத் தாராளவாதி என மூவரும் ஒரே ஊர்வலத்தில், கருங்காலிகளாக ஆட்களை வரவழைப்பதை எதிர்த்து நடந்தார்கள். இந்தக் காட்சியை இன்றைய கட்சிப் பிரிவினை எதிலும் பொருத்த முடியாது.

ஆனால் 1974இல் நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஆவணமற்ற தொழிலாளர்களைக் குடிவரவுத் துறைக்குக் காட்டிக்கொடுக்கும் இயக்கம் ஒன்றைச் சங்கம் நடத்தியது. அரிசோனாவின் யூமாவில் எலுமிச்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது சாவேஸின் உறவினர் மானுவேல் சாவேஸின் மேற்பார்வையில் எல்லையோரமாகக் கூடாரங்கள் அடித்து ஆட்கள் காவல் இருந்தார்கள். கடந்து வந்தவர்கள் அடிபட்டார்கள் என்ற குற்றச்சாட்டுகள் பதிவாகியுள்ளன. பெர்ட் கொரோனா போன்ற சிக்கானோ (மெக்சிக வம்சாவளி அமெரிக்க) தலைவர்கள் சாவேஸை வெளிப்படையாகவே கண்டித்தார்கள். ஆவணமுள்ள மெக்சிகரின் வீட்டிலேயே ஆவணமற்ற அண்ணனோ மைத்துனனோ இருக்கிறான். காவலர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அது இருவர் மீதும்தான் விழும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சில ஆண்டுகளுக்குள் சங்கம் ஆவணமற்றோருக்குச் சட்ட அங்கீகாரம் தர வேண்டும் என்று பேசத் தொடங்கியது. கூலியைப் பற்றிய கவலை தீர்ந்துபோகவில்லை. யார் மீது கை வைக்கப்படுகிறது என்பதே அவர்களை நகர்த்தியது.

கறுப்பினத் தலைமையின் வரலாறு இதைவிடத் தெளிவானது. ஆவணமற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1986இல் வந்தது. அதே சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமையையும் தந்தது. தண்டனை விதிகளை ஆதரித்த அமைப்புகளில் மூத்த கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் ஒன்று. 1990இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அந்தச் சட்டத்தின் விளைவு பற்றிய அறிக்கையை வெளியிட்டது. தண்டனைக்கு அஞ்சிய முதலாளிகள் அந்நியத் தோற்றமோ உச்சரிப்போ உள்ளவர்களை, அவர்கள் குடிமக்களே ஆனாலும், வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்பதும் இந்தப் பாகுபாடு பரவலாக இருக்கிறது என்பதும் அதில் இருந்தன. அதே ஆண்டு என்.ஏ.ஏ.சி.பி. தன் நிலைப்பாட்டை மாற்றி அந்த விதிகளை நீக்கக் கோரியது. 1991இல் கொரெட்டா ஸ்காட் கிங் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் செனட்டர் ஆரின் ஹாட்ச்சுக்கு அதற்கு நேர்மாறான கடிதம் ஒன்றை எழுதினார்கள்: விதிகளை நீக்கினால் ஏழைக் கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைக்கு ஆபத்து, பாகுபாட்டை வேறு வழியில் சரிசெய்யுங்கள் என்றார்கள். இரு தரப்பும் சட்டமீறலையும் ஏற்கவில்லை, பாகுபாட்டையும் ஏற்கவில்லை. எது உடனடி ஆபத்து என்பதில்தான் பிரிந்தார்கள். இவ்வளவு நேர்மையான கருத்து வேறுபாடு இன்று அபூர்வமாகிவிட்டது.

பார்பரா ஜோர்டன் இந்த நிலைப்பாட்டை முழுமையாக வாழ்ந்து காட்டியவர். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்த இந்தக் கறுப்பின வழக்கறிஞர், தென்மாநிலம் ஒன்றிலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பினப் பெண். 1990களில் குடிவரவுச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். வேலை தேடும் எவருக்கும் அனுமதி உண்டா என்று கணினிப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும், தகுதியற்றவரைத் திருப்பி அனுப்பாவிட்டால் அமைப்பே நம்பகத்தன்மை இழக்கும் என்று வாதிட்டார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோருவோர் அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் 1995 டிசம்பரில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் குடியுரிமையைப் பறிக்கும் யோசனையை நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் உறுதியாக எதிர்த்ததை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. பதிவேடு எல்லோரையும் ஒரே விதமாகக் கேட்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. பிறப்புக் குடியுரிமையை நீக்கினால் பெற்றோரின் நிலை பிள்ளையின் பிறவிக் குறையாகிவிடும். அடிமையின் பிள்ளை அடிமை என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்த மக்களின் வழிவந்தவருக்கு இந்த வேறுபாடு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரியவேண்டியதல்ல.

தேர்தல் தரவுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 1994 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 187ஆம் முன்மொழிவை 59 விழுக்காட்டு வாக்குகளோடு நிறைவேற்றினார்கள். அது ஆவணமற்றோருக்குப் பள்ளியையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுத்தது. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி கறுப்பினத்தவரிலும் ஆசியரிலும் ஏறத்தாழ பாதிப் பேர் அதை ஆதரித்தார்கள். லத்தினோக்களில் நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானோரே ஆதரித்தார்கள். அதே லத்தினோக்களிடம் சில மாதங்களுக்கு முன்புவரை ஆதரவு இதைவிட வெகு அதிகமாக இருந்தது. இடையில் முன்மொழிவின் உள்விவரம் வெளியே வந்தது. ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் காவலரும் அனுமதியற்றவர் என்று தாங்கள் 'சந்தேகிக்கும்' எவரைப் பற்றியும் புகார் தர வேண்டும் என்றது அது. சந்தேகத்தை எதை வைத்துக் கொள்வார்கள் என்று எந்த லத்தினோ தாய்க்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மாநிலமான அரிசோனா இன்னும் தெளிவான ஒப்பீட்டைத் தருகிறது. 2004இல் அங்கே நிறைவேறிய 200ஆம் முன்மொழிவு, வாக்காளராகப் பதிவுசெய்யும் ஒவ்வொருவரிடமும் குடியுரிமைச் சான்று கேட்டது. அதிலும் புகார் விதி உண்டு என்றாலும் மக்கள் முன் நின்றது சான்று கேட்கும் பகுதியே. லத்தினோ வாக்காளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அதை ஆதரித்ததாகக் கணிப்பு சொன்னது. ஆறே ஆண்டுகளில், சந்தேகத்தின் பேரில் காவலர் ஆவணம் கேட்க வேண்டும் என்ற எஸ்.பி. 1070 சட்டத்தை அதே மாநிலத்து லத்தினோக்கள் பெருவாரியாக எதிர்த்தார்கள். இதைச் சோதனைச்சாலை நிரூபணம் என்று கொள்ள முடியாது. இடையில் பொருளாதார நெருக்கடி வந்தது, ஆட்சி மாறியது. ஆனாலும் கலிஃபோர்னியாவில் கண்டதே அரிசோனாவிலும் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் வருகிறது. கட்டுப்பாட்டு இயக்கத்தின் தலைமையில் சிலருக்கு இன நோக்கமே இருந்தது, சிறுபான்மை முகங்களை அவர்கள் கேடயமாகப் பிடித்தார்கள் என்பது அந்த ஆட்சேபம். அது உண்மைதான். ஃபேர் என்ற கட்டுப்பாட்டு அமைப்பை 1979இல் நிறுவிய ஜான் டான்டன், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கக் கோரிய யு.எஸ். இங்கிலீஷ் அமைப்பின் நிறுவனர்களிலும் ஒருவர். பின்னதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹிஸ்பானிக் வம்சாவளியைச் சேர்ந்த லிண்டா சாவேஸ். லத்தினோக்களின் பிறப்பு விகிதத்தையும் பண்பாட்டையும் இழிவாகப் பேசும் டான்டனின் உள்குறிப்பு ஒன்று 1988இல் வெளியானபோது லிண்டா சாவேஸ் பதவி விலகினார். ஆங்கிலம் பற்றிய தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கேடயமாக இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தவர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

எதிர்க்கும் சிறுபான்மையினர் தாங்கள் ஏறி வந்த ஏணியைத் தாங்களே எட்டி உதைக்கிறார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். குடும்பத்தார் வழியே விண்ணப்பித்து வரும் மெக்சிகரும் பிலிப்பினோக்களும், உடன்பிறந்தார் பிரிவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்கள். ஒரு நாட்டினருக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால் க்ரீன் கார்டுக்காக எத்தனை இந்தியப் பொறியாளர்கள் காத்துக்கிடக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரிந்த செய்திதான். வரிசையில் நின்று காலம் கழித்தவருக்கு வரிசையே பொருளற்றதாகிவிடுமோ என்ற மனக்குறை இயல்பானது. அதைச் சுயநலம் என்று ஒதுக்கினால், சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்கு அவர்களுக்குக் கிடைக்கும் பரிசு ஏளனம் என்றாகும். அதே நேரத்தில் இந்த மனக்குறை சரியான முகவரிக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லையைக் கடந்து வரும் கூலித் தொழிலாளிக்கு நிற்பதற்கு ஏறத்தாழ வரிசையே கிடையாது. வரிசையைச் சுருக்கி வைத்தது நாடாளுமன்றம்.

இன்றைய நிலைக்கு வருவோம். டெக்சாஸின் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார் மாவட்ட மக்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஹிஸ்பானிக் வம்சாவளியினர். 2024இல் அது டொனால்ட் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் ஒரு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் அங்கே வென்றது 1892இல். இதை எல்லைக் கொள்கைக்கான தீர்ப்பாக மட்டும் படிப்பது பிழை, விலைவாசிக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் எல்லைக் காவல் படையினரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஹிஸ்பானிக் வம்சாவளியினர் என்பதையும், எல்லையோர ஊர்களில் நிலையான சம்பளம் தரும் வேலைகளில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே எல்லைக் காவல் அந்நியர் விவகாரம் அல்ல, மருமகனின் வேலை என்பது புரியும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சல்ஸ் குடிவரவுச் சோதனைகள் பற்றிய வழக்கில் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இனத் தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்ற கீழ்நீதிமன்றத் தடையை அது நிறுத்திவைத்தது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். கார் கழுவும் இடத்தில் ஸ்பானிஷ் பேசியபடி நிற்கும் குடிமகனும் ஆவணமற்றவரும் அந்த நிமிடத்தில் அதிகாரியின் கண்ணுக்கு ஒன்றுதான். 1994இல் ஒரு புகார் விதி கலிஃபோர்னியாவின் லத்தினோ வாக்குகளைத் திருப்பியது. இப்போது திரும்பக்கூடிய வாக்குகளில், 2024இல் கடும் நடவடிக்கை வேண்டும் என்று கேட்டவர்களுடையவையும் இருக்கின்றன.