சேப்பாக்கத்துப் பந்தும் சந்தேகத்தின் தீர்ப்பும்

விளையாட்டு வரலாறு என்றால் வெற்றி தோல்விகளின் பட்டியல் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆட்டம் முடிந்த பின்னரும் முடிவடையாத வழக்குகள் சில அவ்வரலாற்றில் உண்டு. அவற்றுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே, சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில், 1977ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எழுந்தது. ‘வாசலின் விவகாரம்’ என்று கிரிக்கெட் உலகம் அதற்குப் பெயர் சூட்டியது. ஒரு பந்து, ஒரு துண்டுத் துணி, சிறிதளவு களிம்பு. இவ்வளவே அவ்வழக்கின் சான்றுப் பொருள்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் இரசிகர்களின் வாதம் ஓயவில்லை. அவ்வாதத்தில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருப்பதாலேயே இங்கு அதனை எடுத்துரைக்கிறோம்.

டோனி கிரெய்க் தலைமையில் இங்கிலாந்து அணி 1976ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. இந்திய அணியின் தலைவர் பிஷன் சிங் பேடி. டெல்லியில் நடந்த முதல் டெஸ்டில் ஜான் லீவர் என்னும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள், ஆட்டம் முழுவதிலும் 10 விக்கெட்டுகள் என அவர் வாரிக் குவித்தார். இங்கிலாந்து அங்கு ஓர் இன்னிங்ஸ் வித்தியாசத்திலும், கல்கத்தாவில் 10 விக்கெட் வித்தியாசத்திலும் வென்றது. இந்நிலையில்தான் பொங்கலை ஒட்டி, ஜனவரி 14ஆம் நாள், சேப்பாக்கத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கிற்று.

கிரிக்கெட்டில் அவ்வளவாக ஈடுபாடில்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தோலால் ஆன அப்பந்தின் ஒரு பக்கத்தை வழவழப்பாகவும் மறுபக்கத்தைச் சொரசொரப்பாகவும் வைத்திருந்தால், வீசும்போது அது காற்றில் வளைந்து செல்லும். ஆகவே ஆட்டக்காரர்கள் பந்தை ஆடையில் தேய்த்துப் பளபளப்பேற்றுவர். வியர்வையும் எச்சிலும் அக்காலத்தில் அனுமதிக்கப்பட்டவை. மெழுகு, களிம்பு போன்ற செயற்கைப் பொருள்களைப் பூசலாகாது என்பது விதி. விதியும் காலத்துக்கேற்ப மாறுவதே. கொரோனாத் தொற்றினால் 2020இல் எச்சிலும் தடை செய்யப்பட்டது. 2022இல் அத்தடை நிரந்தரமாக்கப்பட்டது.

சேப்பாக்கத்தில் நடந்தது இதுதான். ஆட்டத்தின் மூன்றாம் நாள் லீவரும், மற்றொரு வேகப்பந்து வீச்சாளரான பாப் வில்லிஸும் நெற்றியில் துணிப்பட்டை ஒட்டிக்கொண்டு பந்து வீசினர். புண்ணுக்குக் கட்டும் மெல்லிய மருத்துவத் துணி அது. அதில் வாசலின் தடவப்பட்டிருந்தது. வியர்வை கண்ணில் வழியாமல் தடுப்பதற்காக அணியின் உடற்பயிற்சி மருத்துவர் பெர்னார்டு தாமஸ் கூறிய யோசனை அது என்பது இங்கிலாந்தார் தந்த விளக்கம். சென்னையின் வெக்கையை அறிந்த நாம் அதனை முற்றிலும் நம்பத்தகாதது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அத்தகைய பட்டை ஒன்று ஆடுகளத்தில் விழுந்து நடுவர் ரூபனின் கைக்கு வந்தது. அன்றே பேடி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பந்து சென்னையிலிருந்த ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அதில் எண்ணெய்ப் பசை இருப்பதாக முடிவு வந்தது.

நெருக்கடி நிலைக் காலம் அது. அந்த டெஸ்ட் நடந்துகொண்டிருந்த ஜனவரி 18ஆம் நாள்தான் பிரதமர் இந்திரா காந்தி பொதுத்தேர்தலை அறிவித்தார். நாட்டின் தலையெழுத்தே மாறவிருந்த அவ்வேளையிலும் பந்தைப் பற்றிய வாதம் ஓங்கி ஒலித்தது. ஆட்டத்தில் இந்தியா 164, 83 என்று சுருண்டது. 262 ஓட்டங்களும், 9 விக்கெட் இழப்புக்கு 185 ஓட்டங்களும் எடுத்த இங்கிலாந்து 200 ஓட்ட வித்தியாசத்தில் வென்று தொடரைக் கைப்பற்றியது.

இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். கவனிக்க வேண்டியது யாதெனில், இரு கட்சியாரும் எடுத்துக்காட்டிய சான்றுகள் பெரும்பாலும் ஒன்றே. “பந்தில் பசை இருந்ததே, வேறென்ன வேண்டும்?” என்றது ஒரு கட்சி. “நெற்றியைத் துடைத்த கை பந்தைத் தொட்டால் பசை ஒட்டாதா?” என்றது மறுகட்சி. “டெல்லியில் பந்து அப்படி வளைந்ததன் இரகசியம் இப்போது வெளியாகிவிட்டது” என்றனர் சிலர். “டெல்லியில் பந்து வடிவிழந்ததால் நடுவர்களே வேறு பந்து கொடுத்தனர், வளைந்தது அந்தப் பந்து” என்று அதற்குப் பதில் வந்தது. “ஏமாற்ற நினைப்பவன் ஆயிரக்கணக்கானோர் பார்க்க நெற்றியிலா ஒட்டிக்கொள்வான்?” என்று ஒருவர் கேட்க, “எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒளித்துவைப்பதே கைதேர்ந்தவன் வேலை” என்று மற்றவர் மடக்கினார். குற்றச்சாட்டு எழுந்து எல்லாக் கண்களும் பந்தின் மீது பதிந்த பிறகுதான் இந்தியா 83 ஓட்டங்களில் வீழ்ந்தது என்பதை இங்கிலாந்துக் கட்சியார் சுட்டினர். அடுத்து பெங்களூரில் இந்தியா 140 ஓட்ட வித்தியாசத்தில் வென்றதை இந்தியக் கட்சியார் பதிலுக்குக் காட்டினர். இரண்டும் மெய்யே. ஆயினும் நெற்றிப் பட்டை எதற்காக ஒட்டப்பட்டது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

ஆய்வகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விருதுநகர், சிவகாசி வட்டாரத்தாருக்குப் புதிதன்று. ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டாசுத் தொழிலை அறியாத வீடு அரிது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பச்சை ஒளிக்கு ஆதாரமான அப்பொருள் ஒரு வெடியில் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகம் ஐயமறக் கூறிவிடும். அதனைக் கலக்கச் சொன்னவர் முதலாளியா, போர்மேனா, அல்லது பழைய மருந்தின் மிச்சம் புதிய மருந்தோடு சேர்ந்துவிட்டதா என்பதை ஆய்வுக் குழாய் கூறாது. அதற்கு ஆளை விசாரிக்க வேண்டும். கணக்கைப் பார்க்க வேண்டும். சாட்சியைக் கேட்க வேண்டும். அவ்வாறு விசாரிக்காமல் மருந்து அறையில் நின்ற கூலித் தொழிலாளியின் தலையில் பழியைச் சுமத்தினால் அதனை நாம் நீதி என்று ஒப்புவோமா?

சேப்பாக்க வழக்கிலும் இரு வினாக்கள் பின்னிக் கிடந்தன. விதி மீறப்பட்டதா என்பது ஒன்று. வஞ்சக நோக்குடன் மீறப்பட்டதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கடினமானதன்று. செயற்கைப் பொருள் மைதானத்துக்குள் வந்தது. பந்திலும் பசை கண்டது. நோக்கம் தூயதாயினும் அப்பட்டையை அணிந்திருக்கலாகாது என்று கண்டிப்பதற்கு அதுவே போதும். இரண்டாம் வினாவுக்கோ போதிய சான்று இல்லை. இங்கிலாந்து வாரியம் தன் அணியின் விளக்கத்தை ஏற்றது. வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்ற முடிவுக்கே இந்திய வாரியமும் வந்தது. முதல் வினாவோடு நின்றிருந்தால் இரு தரப்பாரும் ஏற்கத்தக்க தீர்ப்பு ஒன்று கிடைத்திருக்கும். இந்திய இரசிகர்கள் இரண்டாம் வினாவுக்கும் “ஆம்” என்றனர். இங்கிலாந்து இரசிகர்கள் முதல் வினாவுக்கே “இல்லை” என்றனர். இடையிலிருந்த உண்மை கேட்பாரற்றுப் போயிற்று.

அதற்கான விலையை மனிதர்களே கொடுக்க நேர்ந்தது. பேடி இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் அணிக்காக ஆடிவந்தவர்; 1977ஆம் ஆண்டோடு அங்கு அவர் ஆட்டம் முடிந்தது. வாய் திறந்து பேசியதற்குத் தரப்பட்ட தண்டனை அது என்றே அவர் கருதினார். லீவர் 21 டெஸ்டுகளில் 73 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அத்தொடரில் மட்டும் 26. ஆயினும் அவர் பெயரை யார் உச்சரித்தாலும் வாசலின் டப்பா உடன் வந்து நின்றது. பேடி 2023ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் காலமானார். வழக்கு தீராமலே வாதி மறைந்தார்.

பின்னர் வந்த நிகழ்ச்சிகள் இரசிகர் மனத்தின் இயல்பை இன்னும் தெளிவாகக் காட்டின. லீவருக்காக வாதாடிய அதே இங்கிலாந்தில், 1992இல் பாகிஸ்தானின் வாசிம் அக்ரமும் வக்கார் யூனிசும் பழைய பந்தை வளைத்தபோது, மோசடி என்ற குரல் எழுந்தது. லார்ட்ஸ் ஒருநாள் ஆட்டத்தில் இடைவேளையின்போது பந்து மாற்றப்பட்டது; காரணம் வெளியிடப்படவில்லை; வதந்தியே தீர்ப்பாயிற்று. அதே வித்தையை 2005இல் இங்கிலாந்து வீச்சாளர்கள் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் செய்து காட்டியபோது அது கலை என்று போற்றப்பட்டது. 2006இல் ஓவல் மைதானத்தில் பந்தைச் சிதைத்ததாக நடுவர்கள் பாகிஸ்தானுக்கு ஐந்து ஓட்டங்கள் தண்டம் விதித்தனர். இன்சமாம் உல் ஹக்கின் அணி தேநீர் இடைவேளைக்குப் பின் களமிறங்க மறுத்தது. விசாரணையில் பந்தைச் சிதைத்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆட்டத்தின் நற்பெயரைக் கெடுத்ததாக மட்டுமே இன்சமாம் தண்டிக்கப்பட்டார்.

நம் பக்கம் மட்டும் நேர்மையாக இருந்ததா? 2001இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில், சச்சின் டெண்டுல்கரின் விரல்கள் பந்தின் தையலைத் தொடுவதைத் தொலைக்காட்சிப் படம் காட்டியது. நடுவரிடம் கூறாமல் பந்தைச் சுத்தம் செய்தார் என்று மைக் டென்னஸ் தண்டனை விதித்தார். “ஒட்டிய புல்லைத்தானே எடுத்தார், இதற்கா தண்டனை?” என்று நாடே கொதித்தது. அவ்வாதம் நியாயமானதே. ஆனால் 1977இல் லீவருக்காக இங்கிலாந்தார் எடுத்துரைத்த வாதமும் ஏறக்குறைய இதுவேயன்றோ? செயலைப் பார்க்காதீர், நோக்கத்தைப் பாருங்கள் என்று நம்மவருக்காகக் கேட்ட நாம், எதிரிக்கு அதனைத் தர மறுத்திருந்தோம். சான்று தெளிவாக இருக்கும்போது இச்சிக்கல் எழுவதில்லை. 2018இல் கேப்டவுனில் உப்புத்தாள் கொண்டு பந்தைத் தேய்த்த ஆஸ்திரேலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், தண்டனையும் பெற்றனர். சான்று மங்கலாக இருக்கும்போதுதான் இரசிகனின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. தேநீர்க் கடையில் பந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிப் பழகிய நாவே ஊரைப் பற்றியும், அண்டை வீட்டாரைப் பற்றியும், ஒரு சமூகத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்கிறது. சந்தேகத்தின் நிழலில் ஒருமுறையேனும் நிறுத்தப்பட்டவர்க்கு, ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தது’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவு நன்கு தெரியும். அந்தத் தொலைவை மதிக்கக் கற்பதற்கு விளையாட்டு மைதானம் நல்லதொரு பள்ளி.

அப்பாடத்தைச் சேப்பாக்கம் ஒருநாள் உலகுக்கே நடத்திக் காட்டிற்று. 1999ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. வென்ற அணியின் தலைவர், பந்து வளைந்ததற்காகவே ஏழு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஏசப்பட்ட அதே வாசிம் அக்ரம். தோல்வியின் துயரம் நெஞ்சை அடைத்த அந்நேரத்தில் சென்னை இரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம் வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். கண்ணெதிரே நன்றாக ஆடியவனை நன்றாக ஆடினான் என்று சொல்ல அன்று அவர்களுக்கு வேறெந்தச் சான்றும் தேவைப்படவில்லை.