போர்ட்ஃபோலியோ செயற்றிட்டம்

முன்முக இணைய வடிவமைப்பைக் கற்கும் தொடக்கநிலையாளர், தம் திறனைக் காட்டத் தாமே கட்டிய இணையப் பக்கம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றே அடிப்படை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இவற்றை இணையவழியில் இலவசமாகக் கற்பிக்கிறது. கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் பக்கத்தைக் கட்டணமின்றி வெளியிடலாம்.

வழிகாட்டிக் காணொளியைப் பார்த்துச் செய்த கணிப்பான்களும் செய்பணிப் பட்டியல்களும் எங்கும் குவிந்துகிடக்கின்றன. சொந்த ஊரின் தேவையிலிருந்து பிறக்கும் செயற்றிட்டமே சிறந்தது. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து கிராமங்களைப் புதைத்தது. அங்குள்ள மாணவர் ஒருவர் மண்சரிவு எச்சரிக்கையைத் தமிழில் விளக்கும் பக்கம் செய்யலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு (மஞ்சள்), 100ஐத் தாண்டினால் ஆயத்தம் (செம்மஞ்சள்), 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் (சிவப்பு). நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு எச்சரிக்கைப் பட்டையிலும் 'உடனே வெளியேறுங்கள்' போன்ற சொல்லையும் எழுத வேண்டும். நிறக்குருடு உள்ளவருக்கும் அது புரியும். பக்கத்தில் வைக்கும் பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் பூட்டினால் நீண்ட தமிழ்ச் சொல் சிறிய திரையில் வெளியே வழியும்.

உண்மையான மழை அளவில் அன்றி மாதிரித் தரவில் இயங்கும் பக்கமெனில், அந்த விவரத்தைப் பக்கத்தின் தலைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.