எல்லைப்புறத்தின் பழைய ஏடுகள்

டில்லியில் நம்முடன் ஒரே காரியாலயத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் தேவிகுளம் தாலூகாவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி, டாப் ஸ்டேஷன் என்னும் இடத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக் கயிற்றில் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவராம். "அந்த மனிதருடைய பெயர் எந்த ஏட்டிலாவது இருக்குமா?" என்று நண்பர் ஒரு நாள் கேட்டார். மொழிபெயர்ப்பாளன் என்றால் உலகத்துத் தஸ்தாவேஜுகள் அனைத்தையும் அறிந்தவன் என்று எண்ணும் வழக்கம் காரியாலயங்களில் உண்டு. அலுவல் நிமித்தம் திருவனந்தபுரம் செல்ல நேர்ந்தபோது அந்தக் கேள்வியையும் உடன் கொண்டு சென்றோம்.

திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூல் நிலையம் நம் நாட்டின் மிகப் பழைய பொது நூல் நிலையங்களுள் ஒன்று. 1829-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலத்தில், ரெசிடெண்டாக இருந்த கர்னல் கடோகனின் முயற்சியால் அது தோன்றிற்று. இங்கிலாந்திலேயே பொது நூல் நிலையச் சட்டம் 1850-ல்தான் வந்தது என்பதையும், சென்னைக் கன்னிமாரா நூல் நிலையம் 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது என்பதையும் நினைத்தால் இதன் முதுமை விளங்கும். ஒரு குழுவினரின் பராமரிப்பில் இருந்த நூல் நிலையத்தை 1898-ல் சமஸ்தான சர்க்கார் ஏற்றுக்கொண்டது. விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக எழுப்பிய கட்டடத்துக்கு அது 1900-ல் குடிபுகுந்தது.

கையெழுத்துத் தஸ்தாவேஜுகள் நூல் நிலையத்தில் இரா. அவை ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. பத்மநாபசுவாமி கோவிலைச் சார்ந்த மதிலகம் ஏட்டுச் சுருணைகள் பழந்தமிழிலும் வட்டெழுத்திலும் மலையாண்மையிலும் எழுதப்பட்டு அந்நகரின் காப்பகத்தில்தான் இருக்கின்றன. அச்சேறியவையோ நூல் நிலையத்தின் செல்வம். சர்க்கார் கெஜட்டுகள், ஜனத்தொகைக் கணக்கு அறிக்கைகள், சமஸ்தான வரலாற்று நூல்கள், கல்வெட்டுத் தொகுதிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு தாலூகாவின் சரித்திரம் மெல்ல மெல்ல உருப்பெறும். அந்தப் பணியில் தமிழர்களின் கை நிறைய உண்டு. 1891-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவரும், 1906-ல் மூன்று பாகங்களாகத் திருவிதாங்கூர் வரலாற்றுக் கையேட்டை வெளியிட்டவரும் நாகம் அய்யா. திருவிதாங்கூர்க் கல்வெட்டுத் தொகுதிகளைத் தொடங்கிவைத்தவர் கோபிநாத ராவ். அவருக்குப்பின் அதைத் தொடர்ந்தவர்கள் சுப்பிரமணிய அய்யரும் ராமநாத அய்யரும்.

எல்லைப்புறத்துத் தமிழருக்கு இந்த ஏடுகள் ஏன் தொலைவில் இருக்கின்றன? முதலில் பாலக்காட்டை எடுத்துக்கொள்வோம். பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுள் பாலக்காட்டு அக்கிரகாரங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் அப்பகுதி கும்பினியாரிடம் வந்தபோது, அதை முதலில் ஆண்டது சென்னை அன்று, பம்பாய். வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் கமிஷனர்கள் வந்து விசாரித்து அறிக்கை எழுதினார்கள். 1800-ல்தான் மலபார் சென்னை ராஜதானியோடு இணைந்தது. அதே ஆண்டில் கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து சென்ற டாக்டர் புக்கானன், கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் 1807-ல் லண்டனில் அச்சிட்டார். இவ்வளவும் பாலக்காட்டுக்கு. ஆனால் அடுத்திருக்கும் சித்தூர்த் தாலூகா கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது! பாலக்காட்டுக்காரர் தம் ஊரை 1887-ல் லோகன் எழுதிய மலபார்க் கையேட்டில் தேட வேண்டும். சில மைல் கிழக்கே இருக்கும் சித்தூர்க்காரர் 1911-ல் அச்சுத மேனன் எழுதிய கொச்சிக் கையேட்டில் தேட வேண்டும். ஒருவர் ஊர்த் தஸ்தாவேஜுகள் கோழிக்கோட்டிலும் சென்னை எழும்பூரிலும், மற்றவருடையவை எர்ணாகுளத்தில். சம்பந்தம் செய்துகொண்ட இரு குடும்பங்களின் சரித்திரம் இரண்டு ராஜ்யங்களின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. 1957 ஜனவரி 1-ல் பாலக்காடு ஜில்லா அமைந்தபோது ஊர்கள் ஒன்றாயின. ஏடுகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலைத் தொடருக்கு அப்பால், இடுக்கியின் கதை வேறு. அது முழுவதும் திருவிதாங்கூர்; ஆகவே அதன் அச்சேடுகள் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே உள்ளன. ஆனால் 'இடுக்கி' என்ற தலைப்பில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த ஜில்லா 1972 ஜனவரி 26-ல் பிறந்தது. பழைய நூல்களில் 'ஏலமலை' என்றும் 'ஹை ரேஞ்ச்' என்றும் தேட வேண்டும். மன்ரோ என்ற துரைமகன் 1880-ல் அம்மலைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். காரணம் இல்லாமல் இல்லை. 1877 ஜூலை 11-ல் பூஞ்சாறு அரசர் கேரளவர்ம வலிய ராஜா, கண்ணன் தேவன் மலைகளை, இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தை, அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முன்பணம் ரூ.5,000, ஆண்டுப் பாட்டம் ரூ.3,000. ஒன்பது ஆண்டு கழித்து, 1886 அக்டோபர் 29-ல், பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூர் எழுதிக் கொடுத்த குத்தகையோ 999 ஆண்டுகளுக்கு: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக ஆண்டுக்கு ரூ.40,000. இந்த அணையின் வேலை நடந்த விதத்தை மெக்கன்ஸி என்பவர் 1899-ல் விரிவாக எழுதிவைத்தார். மதுரைச் சீமை விவசாயிகள் வாயில் இன்றும் இருக்கும் பென்னிகுயிக் துரையின் பெயர் அந்தக் காலத்து ஏடுகளில்தான் உயிரோடு உலவுகிறது.

துரைமார்களுக்கு முன்னே அங்கே யாரும் இல்லை என்று இதனால் நினைத்துவிடலாகாது. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டக்குடி என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்தது அஞ்சுநாடு. அங்கே தமிழ் பேசும் வேளாண்குடிகள் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். முதுவர்களும் மன்னான்களும் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லுகிறார்கள். முதுவர்களைப் பற்றிய செய்திகள் 1909-ல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு பாக நூலில் இடம்பெற்றன. கண்ணன் தேவன் என்ற பெயரே அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவருடையது என்பது வழக்கு. அந்தப் பெயர் தேயிலைப் பொட்டலத்தின் மேல் ஏறி நாடெங்கும் சென்றது. அதற்குரியவரைப் பற்றி நூல்களில் நாலு வரிக்குமேல் இல்லை.

இந்த ஏடுகளைப் புரட்டுவோர் முதலில் கற்க வேண்டியது கொல்லம் ஆண்டுக் கணக்கு. ஆவணி முதல் மார்கழி வரை 824-ஐயும், தை முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நாமே ஒருமுறை மொழிபெயர்ப்பில் ஓர் ஆண்டு தவறிவிட்டோம். அதைக் கண்டுபிடித்துத் திருத்திய மேலதிகாரி நெல்லைச் சீமைக்காரர். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே கொல்லம் ஆண்டு இருக்குமாம்!

ஓர் ஆண்டு தவறுவது சிறு பிழை. ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏலமலை சாட்சி. ஏலக்காய் வியாபாரம் சர்க்காரின் தனியுரிமையாக இருந்து, 1896-ல் அந்த முறை கைவிடப்பட்டது. மறு ஆண்டு, 1897 ஆகஸ்டு 24-ல், ஏலமலையில் காடாக ஒதுக்கப்படும் நிலத்தைக் குறித்து ஒரு விளம்பரம் வெளிவந்தது. திருவிதாங்கூரில் சர்க்கார் அறிவிப்புக்கு 'விளம்பரம்' என்றே பெயர். கொல்லம் கணக்கில் அது 1073, ஆவணி மாதம். அவ்வாறு ஒதுக்கிய பரப்பு 15,720 ஏக்கர் என்பது ஒரு சாராரின் வாதம். 2,15,720 ஏக்கர் என்பது மற்றொரு சாராரின் வாதம். முன்னால் ஓர் 'இரண்டு' உண்டா இல்லையா என்பதே விவகாரம். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஒற்றை இலக்கத்தின் கீழே இரண்டு லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது: ஏலத்தோட்டங்கள், சிறு விவசாயிகளின் பட்டயங்கள், குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கும் தேனி ஜில்லாப் பெண்களின் கூலி, எல்லாம். காடு காக்கப்பட வேண்டும் என்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. பழைய கெஜட்டின் ஒரு பக்கத்தைக் கறையான் தின்னாமல் காப்பது ஒரு பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இந்த வழக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

1956 நவம்பர் 1-ல் ராஜ்யங்கள் மொழிவாரியாக அமைந்தபோது செங்கோட்டையும் கன்னியாகுமரித் தாலூகாக்களும் சென்னையோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதைப் பற்றிய மாறுபட்ட கருத்துகள் இன்றும் உண்டு. நாம் சொல்ல வருவது வேறு. எல்லை எங்கே போடப்பட்டாலும், அந்த மலைகளின் ஏடுகளைப் படிக்க மலையாளமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், தமிழும் வேண்டும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தமிழாக இருந்து, அதை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கும்போது, தமிழ் அறியாதவர் அதைக் கண்டுகொள்வது கடினம். நூல் நிலையத்தார் அரிய நூல்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார்கள். டில்லியில் இருப்பவரும் பம்பாயில் இருப்பவரும் அவற்றைத் தம் இல்லத்திலிருந்தே புரட்டலாம்.

நண்பருடைய கேள்விக்கு வருவோம். டாப் ஸ்டேஷனைப் பற்றிக் கிடைத்த செய்திகள் சுவையானவை. 1902-ல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் மாடுகள் இழுக்கும் வண்டிகளை ஓட்டினார்கள். 1908-ல் அது இரண்டடி அகல ரயில் பாதையாயிற்று. பாதையின் உச்சியில் உள்ள நிலையம் ஆகையால் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி மலையடிவாரக் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. (இந்தக் கொட்டக்குடி வேறு, அஞ்சுநாட்டுக் கொட்டக்குடி வேறு.) போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். அதற்குள் மேலே இருந்த ரயில் போய்விட்டது. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் பாலங்களும் தண்டவாளங்களும் அடித்துச் செல்லப்பட்டன. கொல்லம் 1099-ஆம் ஆண்டில் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்றே மலையில் அதற்குப் பெயர்.

கண்டது இவ்வளவே. ரயில் பாதையின் அகலம் கிடைத்தது. பெட்டி ஏற்றியவர் பெயர் கிடைக்கவில்லை. 1894-ல் மூணாற்றில் காலராவில் இறந்த எலியனார் நைட் என்னும் இளம் துரைசானியின் பெயர் கல்லறையிலும் இருக்கிறது, தேவாலயப் பதிவேட்டிலும் இருக்கிறது. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிகள் அழைத்துச் சென்றவர்களோ ஜனத்தொகைக் கணக்கில் எண்ணாகவே நிற்கிறார்கள்.

குறிப்புகளை நகல் எடுத்து நண்பரிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான், கொள்ளுப்பாட்டனாரின் முழுப்பெயர் தமக்கே நிச்சயமாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அன்றிரவே போடியில் இருக்கும் தம் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தாராம். அத்தை பெயரைச் சொல்லிவிட்டார். தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொன்னார். எந்த ஆண்டில் மலையிறங்கினார் என்று கேட்டதற்கு, "தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்துக்கு மறு வருஷம்" என்றாராம். நண்பர் மறுநாள் காரியாலயத்துக்கு வந்ததும் நம்மிடம் அதை எந்த எண்ணோடு கூட்டுவது என்று கேட்டு, நகலின் ஓரத்தில் 1925 என்று எழுதிக்கொண்டார்.