ஐந்து முறை பூவா தலையா

கொஞ்சம் நீளமான பதிவு. படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஒரு காசைச் சுண்டுவதாக மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு வேண்டாம். ஐந்து முறை சுண்டினால் வரிசையாக என்னென்ன விழும், பூவா தலையா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். யோசிக்காமல் சட்டென்று தோன்றுவதை எழுதி, மடித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

போன வாரம் பேத்தி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். மேடையில் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு பெண் மனசில் நினைத்த எண்ணைச் சொல்கிறார். ஒரே கைதட்டல். "தாத்தா, இது நெஜமா?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வித்தையை வகுப்பில் நானே செய்தவன். செய்து, ஒரு தாய் முன்னால் தலைகுனிந்து நின்றவன்.

நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். மழைக்கால மத்தியானம். ஓட்டின் மேல் விழுகிற மழைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அடக்க வேறு வழி தெரியாமல் ஒரு பையனை எழுப்பினேன். "ஒண்ணுலேருந்து அம்பதுக்குள்ள ரெண்டு இலக்க எண் ஒண்ணை நெனைச்சுக்கோ. ரெண்டு இலக்கமும் ஒற்றைப்படையா இருக்கணும். வேற வேறயா இருக்கணும், உதாரணத்துக்கு 15 மாதிரி. நெனைச்சிட்டியா?" ஒரு தாளில் ஏதோ எழுதி மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். பையன் "37" என்றான். தாளைத் திருப்பினேன். 37. வகுப்பே வாயடைத்துப் போனது.

இதில் ஒன்றும் இல்லை. கேட்பவருக்கு ஐம்பது எண்கள் கையில் இருப்பது போல ஒரு நினைப்பு. நிபந்தனைகளை வைத்து வடிகட்டிப் பாருங்கள். 13, 15, 17, 19, 31, 35, 37, 39. எட்டே எட்டுதான் மிஞ்சும். 15-ஐ நாமே சொல்லிவிட்டதால் அதை எடுக்கப் பலருக்கு மனம் வராது. மீதி ஏழில் 37 பக்கம்தான் நிறையப் பேர் சாய்வார்கள். 7-க்கு அப்படி ஒரு இழுப்பு உண்டு. 1976-இல் குபோவி, சோட்கா என்ற இரண்டு உளவியலாளர்கள் 0 முதல் 9 வரை மனதில் தோன்றும் எண்ணைச் சொல்லச் சொன்னபோது, கால் பங்குக்கும் மேலானவர்கள் 7 என்றார்கள். பத்தில் ஒரு பங்குதான் வந்திருக்க வேண்டும்.

தந்திரம் அதோடு முடிவதில்லை. கைதேர்ந்தவர்கள் தாளில் முதலில் 35 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 37 எழுதுவார்கள். 37 என்றால் கைதட்டல். 35 என்றால், "பாருங்க, முதல்ல அதைத்தான் எழுதினேன், ஏன் அடிச்சேன்னு தெரியலே" என்றால் இன்னும் பெரிய கைதட்டல். இரண்டும் இல்லாமல் 19 என்று சொல்லிவிட்டால், "நீ மனசை ஒருமுகப்படுத்தலே" என்று பழியை அவன் தலையில் போட்டுவிட்டு அடுத்தவனை எழுப்பலாம். இந்தக் கடைசித் தந்திரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கையில். என் வகுப்புப் பையன் ஒருவனின் தாய். "சார், நீங்க மனசைப் படிக்கிறீங்களாம், எம் பையன் சொன்னான். என் பெரியவன் வீட்டை விட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு. அவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க சார்."

உட்கார வைத்து, நான் மேலே எழுதியதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். எட்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அது பிள்ளைங்களுக்குச் சொல்றது சார். எனக்கு உள்ளதைச் சொல்லுங்க" என்றார். எவ்வளவு சொன்னாலும் அதை என் அடக்கமாகத்தான் எடுத்துக்கொண்டார். பழச்சீப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டார்.

அது உள்ளே கிடந்து உறுத்தியது. பல வருஷம் கழித்து அமெரிக்க வானொலிக் கதை ஒன்றைப் படித்தபோதுதான் நான் எங்கே கோட்டை விட்டேன் என்று விளங்கியது.

சிக்காகோவில் ஜெனித் என்று ஒரு வானொலிப்பெட்டி கம்பெனி. அதன் தலைவர் யூஜின் மக்டொனால்ட் கப்பற்படையோடு தொடர்புள்ளவர், துருவப் பயணமெல்லாம் போனவர், விளம்பரத்தில் கெட்டிக்காரர். அப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர், ஐந்து வகைக் குறிகள் போட்ட 25 சீட்டுகளை வைத்து டெலிபதி உண்டென்று நிரூபிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. மக்டொனால்ட் இதை வானொலிக்குக் கொண்டுவந்தார். 1937 செப்டம்பரிலிருந்து 1938 ஜனவரி வரை வாராவாரம் என்.பி.சி. வானொலியில் நிகழ்ச்சி. நிலையத்தில் சிலர் உட்கார்ந்து, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த குறிகளை ஒவ்வொன்றாக மனதில் நினைத்து "அனுப்புவார்கள்". வட்டமா பெருக்கல் குறியா, கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்று. பெரும்பாலும் ஐந்து முறை. வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதித் தபாலில் போட வேண்டும். மொத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்து குவிந்தன.

இங்கே ஒரு கணக்கு. இரண்டில் ஒன்றை ஐந்து முறை எடுத்தால் வரக்கூடிய வரிசைகள் 32. ஒரு லட்சம் பேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் சுமார் 3,125 பேருக்கு ஐந்தும் சரியாக வந்துவிடும். அந்த 3,125 பேரும் வாழ்நாள் முழுக்கச் சத்தியம் செய்வார்கள். மீதி 96,875 பேர் மறந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அவ்வளவு பெரிய கூட்டமும் வேண்டியதில்லை. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நீங்கள் ஏதோ ஒரு வரிசையை எழுதி வைத்தால், ஒருவருக்காவது அது அப்படியே பொருந்த சுமார் 72 சதவீதம் வாய்ப்பு உண்டு. மனோதத்துவம் கலக்காத வெறும் கணக்கே இது.

ஆனால் ஜெனித்துக்கு வந்த முடிவு இந்தக் கணக்கோடும் ஒத்துப்போகவில்லை. சில வாரங்களில் சரியாகச் சொன்னவர்கள் எதிர்பார்ப்புக்கு மேல் எங்கேயோ போய்விட்டார்கள். டெலிபதி நிரூபணமாகிவிட்டது என்று கொண்டாட்டம். வேறு சில வாரங்களில் எதிர்பார்ப்புக்கும் கீழே. அதைப் பற்றி யாரும் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை.

அலட்டிக்கொண்டவர் லூயிஸ் குட்ஃபெல்லோ. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியலாளர், அந்தச் சோதனையிலேயே பங்கெடுத்தவர். அவர் பார்த்தது நிலையம் எதை அனுப்பியது என்பதை அல்ல, மக்கள் எதை எழுதினார்கள் என்பதை. பொருந்தியது, பொருந்தாதது எல்லாவற்றையும் சேர்த்து வகைப்படுத்தினார். நிலையம் எதை அனுப்பினாலும் மக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான வரிசைகளையே விரும்பி எழுதியிருந்தார்கள். ஐந்தும் ஒன்றாக எழுதியவர்கள் மிகக் குறைவு. ஒன்று விட்டு ஒன்றாக, கச்சிதமாக மாறி மாறி எழுதியவர்களும் குறைவு. "ஒழுங்கில்லாமல்" தெரிகிற, ஆனால் இரண்டும் சுமாராகச் சம அளவில் வருகிற வரிசைகளில்தான் கூட்டம் மொய்த்தது. தலை, தலை, பூ, தலை, பூ என்பது போல. நிலையம் அனுப்பியது தற்செயலாக இப்படி ஒன்றாக அமைந்த வாரம் வெற்றி. மக்கள் ஒதுக்குகிற வரிசையாக அமைந்த வாரம் தோல்வி. அனுப்புவதே இல்லாமல், கற்பனையாகக் காசு சுண்டி எழுதச் சொன்னாலும் அதே விருப்பங்கள்தான் வந்தன. 1938-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஒவ்வொருவரும் தாம் சுதந்திரமாக எழுதியதாகத்தான் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் எழுதினார் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

நம் ஊரில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா இரட்டையா" கேட்போமே, அதே ஆட்டம் எட்கர் ஆலன் போவின் 1844-ஆம் வருஷக் கதை ஒன்றில் வருகிறது. எட்டு வயசுப் பையன் எதிராளியின் புத்தியை எடை போட்டே கோலிக்குண்டுகளையெல்லாம் ஜெயித்துவிடுவான். அந்தப் பையன் வேலையை இயந்திரமே செய்தது 1950-களில். பெல் ஆய்வுக்கூடத்தில் ஹேகல்பார்கர் என்பவர் முதலில் ஒன்று செய்தார், பிறகு கிளாட் ஷானன் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. இரண்டில் ஒன்றை நாம் எடுக்க வேண்டும், எதை எடுப்போம் என்று இயந்திரம் முன்கூட்டியே ஊகிக்கும். ஹேகல்பார்கரின் பெட்டி சுமார் 9,800 ஆட்டங்களில் 5,200-க்கு மேல் ஜெயித்தது. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் அத்தனை ஆட்டங்களில் அவ்வளவு முந்துவது நடக்காத காரியம். ஜெயித்தால் என்ன செய்கிறோம், தோற்றால் மாற்றுகிறோமா என்கிற நம் பழக்கத்தை அது குறித்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். மனசு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

மறுபடி அந்த அம்மாவிடம் வருகிறேன். நான் கைவிரித்த பிறகு பக்கத்து ஊரில் குறி சொல்கிற ஒருவரிடம் போனார். "பையன் தண்ணி இருக்கிற திசையில இருக்கான். சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. ஆனா மனசுல ஒரு பாரம் இருக்கு. வீட்டை நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாராம். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு "தனிப்பட்ட குணநலக் குறிப்பு" கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். ஃபோரர் வகுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். குறிகாரர் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் அவர் மூன்று தடவை பணம் வாங்கினார்.

பெரியவன் ஒன்றரை வருஷம் கழித்துத் தானாகவே திரும்பி வந்தான். பம்பாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்திருக்கிறான். அந்த அம்மா என்னைத் தெருவில் பார்த்தபோது சிரித்த முகமாக, "குறிகாரர் சொன்னது அச்சா பலிச்சிருச்சு சார். பம்பாயில கடல் இருக்குல்ல?" என்றார். பையன் வந்த சந்தோஷத்தில் இருந்தவரிடம் நான் என்னத்தைச் சொல்ல? தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் வகுப்பில் அந்த வித்தையைச் செய்திருக்கிறேன், விடவில்லை. ஆனால் ஒரு பையனை மட்டும் எழுப்பிக் கேட்பதில்லை. அத்தனை பேரையும் எழுதச் சொல்லி, கரும்பலகையில் எட்டு எண்களுக்கும் எட்டுக் கட்டம் போட்டு, யார் எதை எழுதினார்கள் என்று கோடு போட்டு எண்ணுவோம். 19 எழுதியவனுக்கும் ஒரு கோடு. பிள்ளைகளுக்கு வித்தையைவிட அந்த எண்ணிக்கைதான் பிடித்திருந்தது. பேத்திக்கும் அப்படித்தான் செய்து காட்டினேன், தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி வைத்து.

இப்போது உங்கள் தாளைப் பிரியுங்கள். ஐந்தும் ஒன்றாக இருக்காது, சரியாக மாறி மாறியும் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அமெரிக்கர்களைக் காசு சுண்டச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் எழுதுவது தலை. அவர்கள் பேச்சில் தலைதான் முதலில் வரும். நாம் "பூவா தலையா" என்கிறோம். நாம் பூவில் தொடங்குவோமா? உங்கள் வரிசையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் ஊகம் பொய்த்துப் போனவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எண்ணிப் போடுகிறோம்.