பழத்தின் இனிமையை அளந்தவர்கள்

பழத்தின் சுவையை அறிவதற்கு இயற்கை மனிதனுக்கு அளித்த கருவி நாக்கு ஒன்றே. ஆனால், ஒருவர் நாவுக்கு இனிப்பது மற்றொருவர் நாவுக்குப் புளிக்கும். வெறுவாயிலே இனித்த பழம், தேனை அருந்திய பின்னர் உண்டால் புளிக்கும். வீட்டில் உண்பவருக்கு இதனால் இடர் ஒன்றும் இல்லை. விளைவித்தவன் ஒருபுறமும் விலை கொடுப்பவன் மறுபுறமும் நின்று, “பழம் பழுத்துவிட்டது” என ஒருவனும், “இல்லை, இது இன்னும் காய்” என மற்றவனும் வழக்காடும்போதே இடர் தோன்றுகின்றது. அவ்வழக்கில் இருவருக்கும் பொதுவான சாட்சி ஒன்றைத் தேடிய வரலாறே, பழத்தின் இனிப்பையும் புளிப்பையும் அளக்கும் சிறு கருவிகளின் வரலாறாகும்.

அச்சாட்சியை முன்னரே நாடியவர்களுள் ஜேர்மனியின் முந்திரிகைத் தோட்டக்காரர் முக்கியமானவர். பிழிந்த முந்திரிகைச் சாற்றிலுள்ள சீனியே புளித்து மதுவாகின்றது. ஆதலின், சாற்றில் எவ்வளவு சீனி உண்டு என்பதை அறிந்தாலன்றி மதுவின் தரத்தை முன்கூட்டி அறிதல் இயலாது. போர்ட்ஸ்ஹைம் நகரிலே பொற்கொல்லராகவும் கருவி செய்பவராகவும் விளங்கிய பேர்டினண்ட் ஊக்ஸ்லே என்பவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கென ஒரு மிதவையைத் திருத்தமாக அமைத்தார். சீனி மிகுந்த சாறு அடர்த்தி மிக்கது. அதிலே மிதவை குறைவாகவே அமிழும். ஒரு லீற்றர் தண்ணீர் 1,000 கிராம் நிறையுடையது. அதே அளவு சாறு 1,080 கிராம் நிறுத்தால், அச்சாறு 80 பாகை உடையது எனக் கொள்ளப்பட்டது. கணக்கு மிக எளிது. ஊக்ஸ்லே 1852இல் மறைந்தார். அவர் பெயர் மறையவில்லை. 1971ஆம் ஆண்டின் ஜேர்மனிய மதுச் சட்டம், உயர்ந்த மதுவகைகளின் படித்தரங்களை அவருடைய பாகைகளைக் கொண்டே வகுத்தது.

இதே காலப்பகுதியில், பிராகா நகரத்து இரசாயன அறிஞர் கார்ல் பாலிங் 1843ஆம் ஆண்டளவில் சீனிக் கரைசல்களின் அடர்த்தியை அட்டவணைப்படுத்தினார். பிரசியாவைச் சேர்ந்த அடோல்வ் பிரிக்ஸ் அதனை மேலும் திருத்தினார். நூறு கிராம் கரைசலிலே எத்தனை கிராம் சீனி உண்டோ அத்தனை பாகை பிரிக்ஸ் என்பதே அவ்வளவை. கரும்பாலை முதல் பழச்சாற்று ஆலை வரை உலகெங்கும் இன்று வழங்குவது அவருடைய பெயரே.

எனினும், மிதவைக்கு ஒரு குறை இருந்தது. அது மிதப்பதற்கு உயர்ந்த குவளை நிறையச் சாறு வேண்டும். கொடியில் நிற்கும் ஒரு முந்திரிகைக் கனியை மாத்திரம் சோதிக்க விரும்பும் தோட்டக்காரனுக்கு அது உதவாது. இக்குறையைத் தீர்த்தது ஒளி.

தண்ணீரில் நிறுத்திய கோல் வளைந்து தோன்றுவதை எவரும் கண்டிருப்பர். ஒளி ஓர் ஊடகத்தினின்றும் வேறோர் ஊடகத்துட் புகும்போது முறிவதே இதற்குக் காரணம். தண்ணீரிலே சீனி கரையக் கரைய முறிவு மிகுகின்றது. தண்ணீரின் முறிவுக் குணகம் 1.333, பத்து வீதச் சீனிக் கரைசலுக்கு அது ஏறக்குறைய 1.348, இருபது வீதத்துக்கு 1.364. இச்சிறு வேறுபாட்டை இரண்டொரு துளியிலே அளக்கும் வழியைக் கண்டவர், ஜேனா நகரத்து ஏர்ண்ஸ்ட் அபே. நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1840இல் பிறந்த அவர், கார்ல் சைஸ் என்பவரின் கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையிலே துணைவராகச் சேர்ந்து, தம் முறிவுமானியை 1874இல் விரிவாக வெளியிட்டார். தம் தந்தை நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்று உழைத்ததைச் சிறுவயதிற் கண்ட அபே, 1900ஆம் ஆண்டிலே அத்தொழிற்சாலையில் எட்டு மணி வேலைநாளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அபேயின் கருவி மேசையில் அமர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அது சுருங்கி, கைக்கு அடங்கும் குழாயாகித் தோட்டத்துக்குச் சென்றது. முனையிலுள்ள பட்டகத்தில் ஒரு துளிச் சாற்றை விட்டு, மூடியை இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு அளவுகோலின் மேல் விழும். அக்கோடு நிற்குமிடமே விடை. ஆனால், வெப்பம் ஏறினால் முறிவு குறையும். 20 பாகை செல்சியசுக்கென அமைத்த மானியை 30 பாகை வெயிலில் திருத்தமின்றிப் பார்ப்பவர், உள்ளதிலும் ஏறக்குறைய முக்கால் பாகை பிரிக்ஸ் குறைவாகவே காண்பர். வெப்பநாட்டு விவசாயி இதை அறியாவிடில் நட்டம் அவனுக்கே.

இனிப்பின் கணக்கு இவ்வாறு அமைந்தது. புளிப்போ மேலும் சிக்கலானது. அதன் அவசியத்தை உணர்த்தியது அமெரிக்கத் தோடம்பழம். இலங்கை போன்ற வெப்பநாடுகளிலே தோடம்பழத்தின் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்துவிடுவதுண்டு. குளிர்ந்த இரவுகளே அதற்குப் பொன்னிறத்தை அளிக்கின்றன. எனவே நிறம் கனிவுக்குச் சான்றாகாது. இதனை வணிகர் வேறுவிதமாகப் பயன்படுத்தினர். பழுக்காத காய்களை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளிலே அடைத்துப் பொன்னிறமாக்கிச் சந்தைக்கு அனுப்பினர். நிறத்தை மாற்றியது வெப்பம் என்றே பலர் எண்ணினர். அப்புகையிலுள்ள எதிலீன் வாயு நிறம் மாற்றவல்லது என்பதை 1924இல் டெனி என்னும் ஆராய்ச்சியாளர் நிறுவினார். அதற்கு முன்னரே, 1911இல், பச்சைக் காய்க்கு இவ்வாறு நிறமூட்டி விற்பது கலப்படமாகும் என ஐக்கிய அமெரிக்க அரசு தீர்ப்பளித்தது.

அப்படியாயின் கனி எது, காய் எது? கலிபோர்ணியாவிலே ஒரு விதி எழுந்தது: சாற்றிலுள்ள கரைந்த திண்மம் எட்டுப் பங்காயின், அமிலம் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. முதலாவதை மிதவையோ முறிவுமானியோ சொல்லும். இரண்டாவதை அறியச் சாற்றிலே அளந்து அளந்து காரத்தைச் சொட்டி, நிறம் மாறும் கணத்தைக் காணவேண்டும்.

அமிலத்தின் உக்கிரத்தை எண்ணாற் குறிக்கும் பீ.எச். அளவையை, கோப்பன்கேகன் நகரத்துச் சேரன்சன் 1909இலேயே வகுத்திருந்தார். ஆனால் அதை அளப்பது எளிதன்று. கலிபோர்ணியப் பழ உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்க ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த கிளென் ஜோசப் என்பவர் எலுமிச்சைச் சாற்றோடு போராடினார். சாற்றைக் காக்கச் சேர்த்த கந்தகவீரொட்சைட்டு நிறத்தாள்களை வெளிறச் செய்தது; ஐதரசன் மின்வாயையும் கெடுத்தது. கண்ணாடி மின்வாய் கெடாது. ஆயின் அது தரும் மின்னோட்டம் மிக நுண்ணியது. 1934இல் அவர் தம் பழைய கல்லூரித் தோழரான ஆர்னோல்ட் பெக்மனை நாடினார். கொல்லர் ஒருவரின் மகனான பெக்மன், வானொலிப் பெட்டியிலே மெல்லிய அலையைப் பெருக்கும் வால்வுகளைக் கொண்டே அம்மின்னோட்டத்தைப் பெருக்கினார். ஜோசப்பின் கருவியை ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் இரவல் கொண்டுசெல்லவே, அவர் இரண்டாவது கருவி கேட்டு வந்தார். இதற்கு வெளியிலும் தேவை உண்டு என்பதைப் பெக்மன் அப்போதுதான் உணர்ந்தார். கைப்பிடியுடைய மரப்பெட்டியில் அடங்கிய அக்கருவிக்கு 1936இல் காப்புரிமை கிடைத்தது. எலுமிச்சைக்காகப் பிறந்தது, மண்ணையும் குருதியையும் குடிநீரையும் சோதிக்கலாயிற்று.

ஆயினும் பீ.எச். வேறு, சாற்றிலுள்ள அமிலத்தின் மொத்த அளவு வேறு. இக்காலத்துச் சிறு அமிலமானிகள் சிலவற்றிலே, சாற்றை ஐம்பது மடங்கு நீர்த்து, அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அவ்வளவைக் கணிக்கின்றனர்.

எட்டுக்கு ஒன்று என்னும் விகிதமும் குறையற்றதன்று. எட்டு வீதத் திண்மமும் ஒரு வீத அமிலமும் உடைய சப்பென்ற பழத்துக்கும், பன்னிரண்டும் ஒன்றரையும் உடைய சுவைமிக்க பழத்துக்கும் அது ஒரே மதிப்பையே தருகின்றது. அமிலத்தை நான்கால் பெருக்கித் திண்மத்தினின்றும் கழித்தால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 6. இம்முறை 21ஆம் நூற்றாண்டிலே கலிபோர்ணியத் தோடம்பழத்துக்கு உரியதாயிற்று.

அமெரிக்க விவசாய ஆராய்ச்சியாளர் கார்ல் நோரிஸ் 1960களில் வளர்த்த அண்மைச் செந்நிறக்கீழ் ஒளி முறையின் பயனாக, பழத்தை வெட்டாமலே மரத்தில் வைத்து அளக்கும் கருவிகளும் இன்று உள்ளன. ஆனால் எக்கருவியும் தனக்குக் காட்டிய பழத்தைப் பற்றியே சாட்சி சொல்லும். வெயில்பட்ட உச்சிக்கிளைப் பழம் இனிப்பு. நிழலிற் பழுத்தது அத்துணை இனிப்பன்று. உச்சிப் பழத்தை மாத்திரம் பறித்து அளந்து அறுவடையைத் தொடங்குபவன், மானியைக் குறைகூற இடமில்லை. பழத்தின் மணத்தையும் இம்மானிகள் கூறமாட்டா. அதனை அறிவதற்கு, பழைய கருவிகளாகிய மூக்கும் நாக்கும் இன்றும் தேவைப்படுகின்றன.